மழைத்தண்ணீரைப் பிடித்துவைக்கத் தெரிந்த மலை பக்கத்திலேயே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இயற்கையைப் பார்த்து நகரங்களை அமைப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் வளாகத்தைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார்கள். கறையான் புற்றைப் பார்த்து மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது அது. இரவின் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்துக் கனமான கான்கிரீட் தளங்களைக் குளிரவைத்து, அந்தக் குளிர்ச்சியிலேயே பகலைத் தள்ளிவிடுகிறது. அருமையான வேலை. ஆனால் "நம் ஊரிலும் இப்படிக் கட்டலாமே" என்று கட்டுரையை முடித்த இடம்தான் எனக்கு ஒப்பவில்லை.

ஹராரே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,490 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் ஏற்காட்டின் உயரம். அங்கே இரவு குளிரும். எங்கள் சேலமோ 280 மீட்டர் சொச்சம்தான். சுற்றிலும் நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை. சித்திரை மாதத்தில் மொட்டைமாடியில் படுத்தாலும் நடு இரவு வரை வேர்க்கும். அந்தக் கட்டடத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து சேலம் ஐந்து ரோட்டில் வைத்தால் அதே பலன் கிடைக்காது. பியர்ஸ் தன் ஊரின் வெயிலையும் குளிரையும் அங்குள்ள உயிர்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தார். நாம் பார்க்க வேண்டியது ஆப்பிரிக்கப் புற்றை அல்ல, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை.

மலையில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. மழை பெய்யும்போது அங்கே என்ன நடக்கிறது என்று நின்று பார்த்தால் தெரியும். துளி நேராக மண்ணில் விழுவதில்லை. மேலே உயர்ந்த மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, அதற்குக் கீழே காப்பிச் செடி, எல்லாவற்றுக்கும் அடியில் சருகு. ஒவ்வொரு அடுக்கிலும் தண்ணீரின் வேகம் குறைகிறது. சரிவுக்குக் குறுக்கே வரிசைகளுக்கு நடுவில் குழி எடுத்து விட்டிருப்போம். ஓடிவரும் தண்ணீர் அதில் நின்று இறங்கும். சோலைக்காடு இதை எந்தக் குழியும் இல்லாமல் இன்னும் நன்றாகவே செய்கிறது. (தோட்டங்களில் நிறைந்திருக்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அது நிழல் தரும், காட்டுக்கு ஈடாகாது. மலைக்காரர்களாகிய நாங்களும் நாட்டு மரங்களைத் திரும்ப வைக்க வேண்டும்.) மழை விட்ட பிறகும் பல நாட்கள் ஊற்று கசிந்துகொண்டே இருப்பதற்குத் தண்ணீர் இப்படி நின்று இறங்குவதுதான் காரணம்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மலையடிவாரப் பக்கத்துக் கோரிமேட்டைத் தாண்டினால் எல்லாம் தலைகீழ். கூரையிலிருந்து சிமெண்ட் தரை, சிமெண்ட் தரையிலிருந்து தார் ரோடு, தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் கால்வாய். தண்ணீர் மண்ணைத் தொடவே வழியில்லை. ஒரு மணி நேரம் கோடை இடி மழை பெய்தால் கிச்சிப்பாளையம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். அடுத்த வாரம் அதே தெருவில் குடங்களோடு லாரிக்குக் காத்திருப்பு. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு ஊருக்குள் சுவர்களுக்கு நடுவே சாக்கடையாக ஓடி, நாமக்கல் மாவட்டம் போய்க் காவிரியில் சேர்கிறது. நாம் மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிறோம். மலை தரும் தண்ணீரைக் கெடுத்து அனுப்பிவிட்டு வேறு தண்ணீரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஊர் இது என்று நினைக்கவே வேதனையாக இருக்கிறது.

மாற்ற முடியும் என்பதற்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரியே சாட்சி. 2010-இல் ஊர் மக்கள் சேர்ந்து அதைத் தூர்வாரினார்கள். எடுத்த மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே சின்னச் சின்னத் தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். ஏரி ஆழமானது, பறவைகளுக்கு இடம் கிடைத்தது. எதையும் கழிவு என்று தள்ளாத காட்டின் முறை அது.

அதனால் மாநகராட்சிக்கும் நகர ஊரமைப்புத் துறைக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். பெரிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும்போது 10 சதவீத இடத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நடப்பில் விற்க முடியாத ஏதோ ஒரு கோணல் மூலை பூங்கா ஆகிறது. அதற்குள் சிமெண்டில் மானும் காளானும். அந்த இடம் மனையிலேயே தாழ்வான பகுதியாக, தண்ணீர் தானாக வந்து சேரும் இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். தரையைக் கொஞ்சம் குழிவாக விட்டு, மருதும் நாவலும் புங்கனும் நட்டு, தெருத் தண்ணீரை அதில் திருப்பலாம். நிரம்பினால் மிச்சம் ஓடைக்கு, ஓடையிலிருந்து ஏரிக்கு. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினோம். இப்போது அதைத் தெரு அளவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர் நின்றால் கொசு வருமே என்பார்கள். டெங்கு பயம் நியாயமானது. ஆனால் முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். அடைபடாத மண்ணில் மழைத்தண்ணீர் ஓரிரு நாளில் இறங்கிவிடும். இறங்காத களிமண் இடமாக இருந்தால் மணலும் ஜல்லியும் போட்டு இறங்க வைக்கலாம். வருஷம் முழுக்கத் தேங்கி நிற்கிற சாக்கடையைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

அப்புறம், தெரு மரங்கள். பேவர் பிளாக்கை அடிமரம் வரை இறுக்கிப் பதிக்கிறார்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. எங்கள் அஸ்தம்பட்டியில் நாமே அதைச் செய்ய யார் உத்தரவும் தேவையில்லை.

தங்கள் நிருபர்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். சேலத்தின் பழைய நில அளவை வரைபடங்களிலிருந்து எந்த ஓடை எந்த ஏரிக்குப் போனது, இன்று அதன்மேல் என்ன நிற்கிறது என்பதை வார்டு வாரியாகத் தொடராக வெளியிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே வந்தால் அடுத்த மாமன்றக் கூட்டத்தில் எங்கள் வார்டு உறுப்பினரிடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.