ஒன்றுக்கு ஏழு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் திட்டு. சரி, வாங்கிக்கொள்கிறேன். போனில் பேசினால் அம்மா உடனே அழ ஆரம்பித்துவிடுகிறாள், நீ போனைப் பிடுங்கி "உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுதினால்தான் எனக்கும் பேச இடம் கிடைக்கிறது.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர்தான் விட்டபாடில்லை. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம்கூடப் பனி படிகிறது. ராத்திரி ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். போட்டு வைத்தால் தொண்டை வறண்டுவிடுகிறது. வேலையில் ஷிஃப்ட்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். குளிர்காலம் என்றால் எல்லாருக்குமே அப்படித்தானாம். ஓய்வு கிடைக்கிறது, நல்லதுதான்.

மேல் மாடிப் பெரியவரைக் கேட்டிருந்தாய். இருக்கிறார், அதே மாதிரிதான் இருக்கிறார். பிலிப்பைன்ஸ்காரர், தனியாள். சாயங்காலம் ஆனால் சட்டைக்கு இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டி, நீளப் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பெட்டிக்குள் இரண்டாகக் கழற்றி வைத்த பூல் குச்சி, மேசையில் பந்தை அடித்துக் குழியில் போடும் ஆட்டத்துக்கு. இப்போது ஆட்டக் கூடத்துக்கு என்னையும் கூட்டிப்போகிறார். நான் ஆடுவதில்லை, ஸ்கோர் எழுதுகிறேன். மேசை வாடகை தோற்றவர் கணக்கில் போகும், எழுதுகிறவனுக்குச் செலவில்லை. உள்ளே கதகதப்பாகவும் இருக்கும்.

அவர்கள் ஆடுவது நைன்பால். எண் போட்ட ஒன்பது பந்து. மேசையில் இருப்பதில் சின்ன எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். விதிப்படி ஆடி ஒன்பதைக் குழியில் போட்டவனுக்கு அந்த ரேக், அதாவது அந்தச் சுற்று. கேட்கும்போது நம் கேரம் மாதிரி இருக்கும். ஆனால் கேரமில் நான் தவறவிட்டால் அடுத்த நொடி உன் கை. நீ தவறவிட்டால் என் கை. இங்கே ஜெயித்தவரே மறுபடியும் பிரேக், அதாவது அடுத்த ரேக்கின் முதல் அடி, அடிக்கும் முறை என்றால், நன்றாக ஆடுகிறவன் அடுத்தடுத்து நாலு ரேக்கை முடித்துவிடுவான். அதுவரை மற்றவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஓடி விரட்டலாம் என்றால் வழியில்லை, தடுக்கவும் முடியாது. கை ஆறிப்போகும். ஸ்கோர் பலகை எதிரிலேயே தொங்கும். இந்த ஆட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அந்த நாற்காலியில்தான் தோற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, மேசையில் இல்லை.

அங்கே ஒரு பையன் வருவான். முன்னணியில் இருந்தால் அவன் ஆட்டம் பார்க்க அத்தனை அழகு. நாலு ரேக் பின்தங்கினால் போதும், ஆள் மாறிவிடுவான். குச்சியைத் தரையில் குத்துவான், குனிந்ததும் அடிப்பான், பந்தை ஒளித்து வைத்து சேஃப்டி ஆட வேண்டிய இடத்தில் ஓரத்தில் முட்டவைத்துப் போடப் பார்ப்பான். போன ரேக்கையெல்லாம் ஒரே அடியில் மீட்டுவிட வேண்டும் அவனுக்கு. பின்தங்கியவன் அவசரப்பட்டால் முன்னே இருப்பவனுக்கு வேலையே இல்லை.

பெரியவர் பின்தங்கினால் நடையைக் குறைப்பார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பலகை முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருவார். துணியால் குச்சியைத் துடைப்பார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், மேசையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை: ஸ்கோரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. முறை வந்ததும், கண்ணெதிரே குழி வாயில் நிற்கும் பந்தாக இருந்தாலும், மேசையை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றுவார். குச்சி நுனியில் சாக் தடவுவது, குனிவது, அடிக்கும் முன் குச்சியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது எல்லாம் முதல் ரேக்கில் எப்படியோ அப்படியே. மனசு நிலைக்கவில்லை என்றால் அடிக்கவேமாட்டார். நிமிர்ந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பயமே இல்லாத ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் கை நடுங்குகிறது. கேட்டேன். நடுக்கம் போகும் என்று காத்திருந்தால் ஆட்டம் முடிந்துவிடும், அதை வைத்துக்கொண்டே ஆடப் பழக வேண்டியதுதான் என்றார்.

போன சனிக்கிழமை போட்டியில் முதலில் ஒன்பது ரேக் எடுப்பவர் வெற்றி. ஒன்றுக்கு ஏழு: பெரியவருக்கு ஒன்று, எதிராளிக்கு ஏழு. நான் பென்சிலைக் கீழே வைத்துவிடலாம் என்றிருந்தேன். எட்டாவது எடுக்க வந்தவன் ஒரு பந்தைத் தவறவிட்டான். இவருக்குக் கிடைத்ததும் நல்ல நிலை இல்லை. வேறொருவர் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழியைப் பார்த்து அடித்திருப்பார். இவர் வெள்ளைப் பந்தை இரண்டு பந்துகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். எதிராளி ஃபவுல். ஃபவுல் ஆனால் வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அந்த ரேக் இவருக்கு. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால், இறுகிப்போனது முன்னணியில் இருந்தவன்தான். ஏழுக்கு ஆறு ஆனதும் அவன் பலகையைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். ஏழுக்கு ஏழு. அடுத்ததை அவன் எடுத்தான். அதற்கடுத்ததில் அவன் எங்கோ குறிவைத்து அடித்த பந்து மூன்று ஓரம் தட்டி ஒன்பதை உள்ளே தள்ளிவிட்டது. குருட்டு அதிர்ஷ்டம், ஆனாலும் விதிப்படி சரி. எனக்கு அழுகை வராத குறை. இவர் எழுந்து போய்க் கைகொடுத்துவிட்டு, அடுத்த மேசை எது என்று கேட்டார். இந்தப் போட்டிகளில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியே அனுப்புவார்கள். நடு ராத்திரிக்கு மேல் அடுத்த ஆட்டம், அதை ஜெயித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது இவரிடம் கதை கேட்க வேண்டும். எல்லாம் அவர் ஊர்க்காரர் எஃப்ரன் ரெய்ஸ் கதைதான். 1996இல் ஹாங்காங்கில் அமெரிக்கர் ஏர்ல் ஸ்டிரிக்லாண்டோடு 120 ரேக் எடுக்கும் பந்தயம், மூன்று நாள் ஆட்டம், ஜெயித்தவருக்கே மொத்தப் பணமும். பத்து ரேக்குக்கும் மேல் பின்தங்கிக் கிடந்த ரெய்ஸ் 120க்கு 117 என்று முடித்தார். ஸ்னூக்கரும் சொல்வார். 1985 உலகப் போட்டியின் இறுதியாட்டம், ஷெஃபீல்டு. ஸ்டீவ் டேவிஸ் முதல் எட்டு ஃபிரேமையும் எடுத்துவிட்டார், அங்கே ரேக்குக்கு அந்தப் பெயர். டென்னிஸ் டெய்லர் முகத்தை மறைக்கும் பெரிய கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர், அன்று இரவுக்குள் ஒன்பதுக்கு ஏழு என்று கொண்டுவந்தார். மறுநாள் நள்ளிரவு தாண்டி, கடைசி ஃபிரேமின் கடைசிக் கறுப்புப் பந்தில் 18க்கு 17 என்று ஜெயித்தார். அந்தக் கறுப்பு விழும்வரை முழு ஆட்டத்திலும் அவர் ஒரு கணம்கூட முன்னணியில் இருந்ததில்லை. பிரிட்டனில் ஒரு கோடியே எண்பது லட்சம் பேருக்கு மேல் தூங்காமல் டிவியில் பார்த்தார்களாம். எனக்கென்னவோ பெரியவரின் தோல்விதான் இதைவிடப் பிடித்திருக்கிறது. ஜெயித்தவர்களைப் பற்றி யாரும் சொல்வார்கள்.

சின்னவன் மறுபடியும் தேர்வில் தவறிவிட்டான், கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான் என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்காதே. அவனிடம் படித்துக் காட்டவும் வேண்டாம், அண்ணன் அங்கே உட்கார்ந்துகொண்டு அறிவுரை அனுப்புகிறான் என்பான். அப்பாவை மட்டும், மாமா பையனோடு ஒப்பிட்டுப் பேசாமல் பார்த்துக்கொள். அவனாக எழுந்து வரட்டும். வந்ததும் ஒரு பாடம், ஒரு தாள் என்று மட்டும் கேள். மொத்தம் எத்தனை பாக்கி என்று கேட்காதே.

பந்தோடு பந்து மோதும் சத்தம் சில நேரம் அப்படியே நம் கேரம் காய் மாதிரி இருக்கும். நீ தோற்கும்போதெல்லாம் பலகையைக் கலைத்துவிட்டு "காத்துல கலைஞ்சிடுச்சு" என்பாய். போன வாரம் அது ஞாபகம் வந்து ஒரு ரேக்கை எழுதாமல் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கட்டடத்தில் ஒரு சத்தமும் இருக்காது அக்கா. நீங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவீர்களே, யார் பேச்சும் யாருக்கும் புரியாமல், அதைக் கேட்டால் போதும் போலிருக்கிறது. சரி, விடு.

பாகப்பிரிவினை விஷயம். பெரியப்பா சொல்வதற்கெல்லாம் அப்பாவைத் தலையாட்டவிடாதே. பின்பக்கத்து நடை இரண்டு பாகத்துக்கும் பொது என்று பத்திரத்தில் எழுத்தாக வர வேண்டும், வாய்ப்பேச்சு உதவாது. நான் பவர் எழுதித் தருவதானால் அத்தான் பேருக்குத்தான் தருவேன், பெரியப்பா மகன் பேருக்கு இல்லை. இதை நீயே அப்பாவிடம் பக்குவமாகச் சொல். அப்பாவின் கண் ஆபரேஷனை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், டாக்டர் சொன்ன தேதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான பணத்தில் பாதி இந்த மாதம் அனுப்புகிறேன், மீதி அடுத்த மாதம். இங்கே வங்கியில் ஏதோ தாமதம், வேறொன்றும் இல்லை. அம்மாவிடம் பாதி என்று சொல்லாதே.

பத்திர வரைவு கைக்கு வந்ததும் அத்தானை ஒரு நகல் எடுத்து அனுப்பச் சொல். நான் படித்துவிட்டுச் சொல்கிறவரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் தம்பி