மன்றக் கூடத்துப் புகைபோக்கி வேலை: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கூடத்தில் விறகு அடுப்பு எரியத் தொடங்கிவிட்டது. அதன் புகை வெளியேறப் புகைபோக்கிக்குள் குழாய் இறக்குவது இரண்டு நாள் வேலை என்று பொதுக்குழுவில் சொன்னது நாங்கள்தான்; மூன்று வாரம் இழுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதும் நாங்கள்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் புகைபோக்கி நேராகத்தான் நிற்கிறது. முன்பு எப்போதோ யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்பது குழாயை இறக்கும்போதுதான் தெரிந்தது. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள, வளைந்துகொடுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் அது. முனையில் கூம்பு மாட்டிக் கயிறு கட்டி, கூரையில் ஒருவர் தள்ள, கீழே ஒருவர் இழுக்க, பாதி வழியில் நின்றுவிட்டது. கயிறு விறைத்ததே தவிர குழாய் அசையவில்லை. சரி என்று அதை வெளியே எடுத்துவிட்டுக் கேமராவை இறக்கினோம். மாடி அறையைப் பெரிதாக்குவதற்காகச் சுவரை உள்தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் புகைவழி பக்கவாட்டில் ஒதுங்கி, மறுபடி நேராகிறது. ஒதுங்கும் திட்டில் பழைய பறவைக்கூடும் உடைந்த செங்கல்லும் கெட்டிப்பட்ட காரையும் கிடந்தன. கேமராவை முதல் நாளே இறக்கியிருக்க வேண்டும். அது எங்கள் தவறு.

125 மில்லிமீட்டர் குழாய் போட்டு வேலையை முடித்துவிடலாம் என்று குழுவிலேயே பேச்சு வந்தது. அடுப்பில் புகை வெளியேறும் வாய் 150 மில்லிமீட்டர். குழாய் அதைவிடச் சிறுத்தால் புகை அறைக்குள் திரும்பும் என்பதால் ஒத்துக்கொள்ளவில்லை. மாடிச் சுவரில் சில செங்கற்களை எடுத்து, அந்தத் திட்டைச் சரிவாக்கினோம். குழாய் செங்குத்திலிருந்து 45 பாகைக்கு மேல் சாயக் கூடாது. இப்போது அதற்குள் இருக்கிறது. மாடியில் தெரியும் புதுப்பூச்சு இதனால்தான். கூடுதல் செலவில் பெரும்பகுதி கொத்து வேலைக்குப் போனது. கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது.

குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியில், சூடு வெளியேறாமல் தடுக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள்களைக் கொட்டியிருக்கிறோம். குழாய் குளிர்ந்தால் புகையில் உள்ள ஈரமும் தாரும் உள்ளேயே படியும். பின்னாளில் அதுதான் தீப்பிடிக்கும். அடுப்பிலிருந்து எழும் கறுப்புக் குழாயில் ஒரு துண்டு தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. மேல்துண்டு கீழ்த்துண்டுக்குள் இறங்க வேண்டும், அப்போதுதான் வழியும் தார் அடுப்புக்குள்ளேயே போகும். முதல் நாள் எரித்தபோது இணைப்பில் கறுப்பாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அன்றே கழற்றித் திருப்பி மாட்டியாயிற்று.

அதன்பின் புகைச் சோதனை செய்தோம். மாடி அறையில் கசிவு இல்லை. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது என்பதால் கூடத்திலும் மாடியிலும் எச்சரிக்கைக் கருவி வைத்திருக்கிறோம். சுவரில் உள்ள காற்றுத் துளையை அடைக்காதீர்கள். குளிர்காற்று வருகிறதென்று யாரோ அதற்குள் செய்தித்தாளைத் திணித்திருந்தார், எடுத்துவிட்டோம்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது குழாயைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கொட்டகையில் இடப்பக்கக் குவியல் இன்னும் காயவில்லை. இப்போதைக்கு வலப்பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

செயற்குழு