‘அறை வெப்பநிலை’ என்பது எந்த ஊர் அறையின் வெப்பநிலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யத்தக்கது என்ற குறிப்புடன் ‘சுகர் குக்கீ’ செய்முறை வெளியாகியிருந்தது. வெண்ணெயை அறை வெப்பநிலைக்கு வரவிட்டுச் சர்க்கரையுடன் சேர்த்து நுரைக்க அடிக்க வேண்டும் என்றும், மைதா கலந்து திரட்டிய மாவைக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த பின்னரே தேய்த்து வெட்ட வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. தூத்துக்குடியில் பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டு ஓவனில் பிஸ்கட் சுட்டு வருபவள் என்ற முறையில், இந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. முதல் வாக்கியம் நம் ஊருக்குப் பொருந்தாதது. அதைத் திருத்திவிட்டால் இரண்டாவது வாக்கியத்துக்குத் தேவையே இருக்காது என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுதப்படும் செய்முறைகளில் ‘அறை வெப்பநிலை’ என்றால் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் என்று பொருள். அந்த வெப்பத்தில் வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழியும். ஆனால் உருவம் கலையாது, மேலே எண்ணெய்ப் பளபளப்பும் தெரியாது. வெண்ணெய் என்பது குறைந்தது 80 சதவீதம் பால் கொழுப்பும், 16 சதவீதத்துக்கு மிகாத நீரும் கொண்டது. அந்தக் கொழுப்பும் ஒரே வகையானதன்று; ஒவ்வொரு வெப்பத்தில் உருகும் பல கொழுப்புகளின் கலவை. அதனால்தான் வெண்ணெய் பனிக்கட்டியைப் போல ஒரே புள்ளியில் உருகாமல், சிறிது சிறிதாக இளகிக்கொண்டே போய், 32 முதல் 35 டிகிரிக்குள் முழுவதும் எண்ணெயாகிவிடுகிறது. கடந்த வாரம் காலை பதினொரு மணிக்கு என் சமையலறையில் வெப்பமானி 33 டிகிரி காட்டியது. இந்த அறையின் வெப்பநிலைக்கு வெண்ணெயை ‘வரவிட்டால்’ கிண்ணத்தில் இருப்பது வெண்ணெயாக இராது.

இது சிறு தவறுபோலத் தோன்றலாம். ஆனால் பிஸ்கட்டின் தன்மை முழுவதும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் முடிவாகிறது. சர்க்கரையை வெண்ணெயோடு தேய்த்து அடிக்கும்போது சர்க்கரைத் துகள்களின் கூர் முனைகள் கொழுப்புக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்களை ஏற்றிவிடுகின்றன. பிஸ்கட் கல்லைப் போல இறுகாமல் வாயில் பொரபொரவென்று உதிர்வதற்கு அவையும் ஒரு காரணம். காற்றைப் பிடித்து வைக்கக் கொழுப்பு ஓரளவு கெட்டியாக இருக்க வேண்டும். உருகிய எண்ணெயில் காற்று தங்காது. அப்படி உருகிப்போனதை மைதாவோடு கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால் மாவு இறுகும் என்பது உண்மைதான். போன காற்று திரும்பி வராது. உருகி மீண்டும் உறையும் கொழுப்பு பழைய வழவழப்பையும் பெறாது. நடந்த பிழைக்குப் பரிகாரமாகவே அந்த இரண்டு மணி நேரம் சொல்லப்படுகிறது; பிழையையே தவிர்க்க வழி இருக்கும்போது பரிகாரம் எதற்கு?

அந்தப் பரிகாரமும் நம் வீடுகளில் எளிதில் நடப்பதன்று. இட்லி மாவுப் பாத்திரம், நேற்றைய குழம்பு, கழுவி வைத்த மீன் என்று நிறைந்திருக்கும் ஃபிரிட்ஜில் மாவுருண்டைக்கு இடம் தேட வேண்டும். கொழுப்பு வாசனையை விரைவாகப் பற்றிக்கொள்ளும் பொருள். சரியாக மூடாத மாவில் மீன் வாடை ஏறிவிட்டால் எவ்வளவு வெனிலா ஊற்றினாலும் போகாது. இவற்றைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று கடலோர ஊர்க்காரர்களுக்கு நன்கு தெரியும். ஐந்து டிகிரிக்குக் குளிர்ந்த மாவை வெளியே எடுத்தவுடன், காற்றில் இருக்கும் ஈரம் குளிர்பானப் புட்டியின் மேல் முத்து முத்தாகப் படிவதுபோல அதன்மேலும் படிகிறது. மாவின் மேற்பரப்பு பிசுபிசுக்கிறது, உள்ளேயோ கல்லாக இருக்கிறது. தேய்த்தால் ஓரம் வெடிக்கிறது. ஒட்டாமல் இருக்க மைதாவைத் தூவுகிறோம். தூவிய மைதா ஈரத்தில் ஊறி மாவுக்குள் சேர்ந்து, பிஸ்கட்டை வறட்டுத் தன்மையுள்ளதாக்கி விடுகிறது. உருண்டையாக வைத்த மாவு உள்வரை குளிர்வதற்கு இரண்டு மணி நேரம்கூடப் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அடுத்த வீட்டில் எட்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். தங்கள் இணைப்பைப் பார்த்து ஆசையோடு தொடங்கியவள், மதியம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். “அதில் போட்டிருந்தபடியேதான் செய்தேன் பெரியம்மா” என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது. மாவு கையில் வழிந்தது. அதற்கு முன் சுட்ட ஒரு தட்டில் நட்சத்திரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே தகடாகப் பரவியிருந்தன. அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. செய்முறையை எழுதியவரும் தெரிந்து பிழை செய்தவர் அல்லர் என்றே நம்புகிறேன். வேறு ஊரின் குளிரை நம் ஊர்ச் சொல்லில் எழுதியதால் வந்த வினை அது.

பழைய நாளில் இந்தக் குளிர்ப்பதனம் எதுவும் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘குக்கீ’ என்ற சொல்லே ‘சிறு கேக்’ எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது. அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் சமையல் நூலாகக் கருதப்படும் 1796-ஆம் ஆண்டு நூலிலேயே அதற்குச் செய்முறை இருக்கிறது: இரண்டரை பவுண்டு மாவுக்கு ஒரு பவுண்டு சர்க்கரை, நான்கு அவுன்ஸ் வெண்ணெய், மாவை உப்பச் செய்ய மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரம் இரண்டு தேக்கரண்டி. வாசனைக்கு என்ன சேர்த்தார்கள் தெரியுமா? நன்றாகப் பொடித்த கொத்தமல்லி விதை. நான் ஒருமுறை அதைச் சேர்த்துப் பார்த்தேன். வெனிலாவுக்குப் பழகிய நாக்குக்கும் அது பிடித்துப் போயிற்று. இந்தக் கணக்கில் வெண்ணெய் மாவின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். இன்றைய சுகர் குக்கீயிலோ அது பாதிக்கும் மேல். வெண்ணெய் குறைவாகவும் குளிர்கால அடுப்படி சில்லென்றும் இருந்த காலத்தில் மாவு தானாகவே கைக்கு அடங்கியது. அமெரிக்க வீடுகளில் மின்சார ஃபிரிட்ஜ் பரவத் தொடங்கியது 1927-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ‘மானிட்டர் டாப்’ என்ற மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தை ஒட்டித்தான். மாவைக் குளிர வைப்பது பின்னாளில் கிடைத்த ஒரு வசதி; பிஸ்கட்டின் இலக்கணம் அன்று.

நம் ஊர் பேக்கரிகளில் வெண்ணெய் பிஸ்கட்டுக்கும் நெய் பிஸ்கட்டுக்கும் மாவைக் குளிர வைப்பதில்லையே என்று சிலர் கேட்கலாம். அங்கே பெரும்பாலும் சேர்க்கப்படுவது வனஸ்பதி அல்லது அதுபோன்ற கொழுப்பு; அது வெண்ணெயைவிட அதிக வெப்பத்தைத் தாங்குவதால் மாவு மேசைமேலேயே நிற்கிறது. வீட்டில் அதைப் பின்பற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. எண்ணெய், கொழுப்புகளில் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது என்றாலும், பிள்ளைகளுக்குச் சுடுவதை வெண்ணெயிலேயே சுட வேண்டும் என்பது என் பிடிவாதம். எங்கள் ஊர் மக்ரூனை இதில் சேர்க்க முடியாது. முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி என்று செய்யப்படும் அதில் வெண்ணெய்க்கே இடமில்லை.

நான் செய்யும் முறையைத் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 85 கிராம், மைதா 175 கிராம், சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) 15 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி வெனிலா. பேக்கிங் பவுடரை இதற்கு மேல் கூட்டக் கூடாது. மாவு உப்பும்போது வெட்டிய ஓரங்கள் மழுங்கிவிடும். சோள மாவு சேர்ப்பது மைதாவின் இழுவைத் தன்மையைக் குறைப்பதற்கு. முட்டை சேர்க்காதவர்கள் அதற்கு ஈடாகக் குளிர்ந்த பால் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். சர்க்கரையை மிக்சியில் பொடித்தவுடனே பயன்படுத்தக் கூடாது. பிளேடு சுழலும் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருக்கும், ஆறட்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மைதா, சோள மாவு, சர்க்கரை மூன்றின் எடையும் சேர்த்து 275 கிராம். அதாவது வெண்ணெயைப்போல இரண்டே முக்கால் மடங்கு. வெண்ணெயை எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும், 33 டிகிரியில் இருக்கும் இவ்வளவு மாவைக் கொட்டினால் அது இளகாமல் என்ன செய்யும்? ஆகவே மாவுருண்டைக்குப் பதிலாக, சர்க்கரையைத் தனியாகவும் மற்ற உலர்ந்த பொருள்களை ஒன்றாகவும் ஈரம் புகாத டப்பாக்களில் அடைத்து முந்தைய இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். டப்பா ஓரமாக நின்றுகொள்ளும், வாடை பிடிக்காது, காலையில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் இதுவும் தேவைப்படாது.

வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஒரு சென்டிமீட்டர்த் துண்டுகளாக நறுக்கி, மே மாதத்தில் ஏழெட்டு நிமிடமும் மார்கழியில் இருபது நிமிடமும் வெளியே வைக்கிறேன். வெப்பமானி இருந்தால் 16 முதல் 18 டிகிரி. இல்லையென்றால், அழுத்தினால் சிறிது எதிர்த்து நின்று பிறகு குழிய வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. மரக்கரண்டியால் சர்க்கரையோடு சேர்த்து இரண்டு நிமிடம் குழைத்தால் போதும். மின்சார பீட்டரில் நெடுநேரம் அடித்தால் உராய்விலேயே வெண்ணெய் சூடேறிவிடும். வெள்ளை வெளேரென்று நுரைப்பது கேக்குக்குத்தான் வேண்டும். மஞ்சள் கருவும் வெனிலாவும் கலந்து, மற்ற உலர்ந்த பொருள்களைச் சேர்த்து, சப்பாத்திக்குப் பிசைவதுபோல அழுத்திப் பிசையாமல், விரல் நுனிகளால் திரட்ட வேண்டும். உள்ளங்கைச் சூடு படக் கூடாது.

திரண்ட மாவை உடனே இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தேய்க்கிறேன். தாள் இருப்பதால் மைதா தூவ வேண்டிய வேலையே இல்லை. மாவு இருபுறமும் ஒரே கனத்தில் வருவதற்கு ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு மரச் சட்டங்களை ஓரங்களில் வைத்து, கட்டை அவற்றின்மேல் உருளும்படி செய்யலாம். கனம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் மெல்லிய பகுதி கருகும்போது தடித்த பகுதி வேகாமல் நிற்கும். வெட்டிய பின் துண்டுகளைத் தூக்காமல், சுற்றியுள்ள மிச்ச மாவை மட்டும் அகற்றிவிட்டு, தாளோடு தட்டுக்கு மாற்றினால் உருவம் சிதையாது. ஓவன் முன்னதாகவே 175 டிகிரியில் நன்றாகச் சூடேறியிருப்பது மிக முக்கியம். மந்தமான சூட்டில் மாவு வேகுமுன் வெண்ணெய் உருகி வழியும். பத்து முதல் பன்னிரண்டு நிமிடத்தில் ஓரம் இளம்பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். நடுவில் மென்மையாக இருந்தால் அஞ்ச வேண்டாம், ஆறும்போது இறுகும். இரண்டாவது ஈடுக்கு, சூடான தட்டிலேயே மாவை வைத்துவிடக் கூடாது. ஓவன் வாசலை எட்டும் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். தட்டைத் தலைகீழாகக் குழாயடியில் காட்டித் துடைத்துவிட்டு அடுக்குகிறேன். ஆறு சென்டிமீட்டர் வட்டங்களாக வெட்டினால் இந்த அளவில் இருபதுக்கும் மேல் கிடைக்கும். எடை போடத் தொடங்கியதிலிருந்து முதல் தட்டு மேசைக்கு வரும்வரை எனக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனதில்லை.

குளிர வைப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. சாக்லேட் சிப் குக்கீக்கு மாவை ஓரிரவு வைத்தால் மாவில் ஈரம் சீராக ஊறி, சுவையும் நிறமும் கூடுகின்றன. அது செய்துபார்த்தவர்களுக்குத் தெரியும். கைவிரல், இறகு, பூவிதழ் என நுணுக்கமான அச்சுகளில் வெட்டுபவர்கள், வெட்டிய துண்டுகளைத் தட்டோடு பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைப்பதும் நல்லதே. மெல்லிய தகடாக இருப்பதால் அது விரைவில் உள்வரை குளிர்கிறது. சாதாரண வட்டத்துக்கும் நட்சத்திரத்துக்கும் அந்த வேலையும் தேவையில்லை.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இனி வெளியிடும் பேக்கிங் செய்முறைகளில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதாமல், வெண்ணெய் எத்தனை டிகிரியில் அல்லது எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். ‘ஒரு கப் மைதா’ என்பதையும் கிராமில் தாருங்கள். ஒரே கப்பில் ஒருவர் தளரப் போட்டால் 120 கிராமும் மற்றவர் அழுத்தி நிரப்பினால் 150 கிராமும் வருகிறது, அந்த வேறுபாட்டில் மாவு இளகியும் போகும், வறண்டும் போகும். பள்ளி திறப்பதற்கு இன்னும் இரண்டு ஞாயிறுகள் இருக்கின்றன. திருத்தத்தை அதற்குள் வெளியிட்டால், அடுத்த வீட்டுப் பெண்ணைப்போல முதல் முயற்சியிலேயே மனம் உடைந்த பிள்ளைகள் விடுமுறை முடிவதற்குள் இன்னொரு தட்டு சுட்டுப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தூத்துக்குடி.