விடுதிக்கு இணைய இணைப்பு எடுக்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
மாணவியர்,
அரசு கல்லூரி மாணவியர் விடுதி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: விடுதிக் கட்டடத்தில் பொது வைஃபை அமைக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இந்த விடுதியில் 86 பேர் தங்கிப் படிக்கிறோம். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். சாப்பாடும் தங்குமிடமும் அரசு தருகிறது, அதற்கு என்றும் நன்றியோடு இருக்கிறோம். இணையம்தான் இல்லை.

தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் பாடம், ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். காணொளி, உதவித்தொகை விண்ணப்பம், ஹால் டிக்கெட் என எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் பேக் சுமார் 300 ரூபாய். அது 28 நாளில் முடிவதால் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்கிறோம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது. அந்தப் பணம் கிடைக்காத தோழிகள் நான்கு பேர் ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டில் படிக்கிறார்கள். போன மாதம் ஒருத்தி ஆன்லைன் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோதே டேட்டா தீர்ந்துவிட்டது. அன்று இரவு முழுக்க அழுதாள். கீழ்த்தளத்தில் சிக்னலும் எடுப்பதில்லை. மொட்டை மாடிக்குப் போனால் கிடைக்கும், ஆனால் மாலை 6 மணிக்கு அதைப் பூட்டிவிடுவார்கள். எங்கள் பாதுகாப்புக்காகப் பூட்டுகிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை.

ஐயா, ஒரு கணக்கைத் தயவுசெய்து பாருங்கள். ஆளுக்கு 300 என்றால் 86 பேருக்கு 25,800 ரூபாய். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு ஒன்று மாதம் 1,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. மூன்று தளத்துக்கும் மூன்று இணைப்பு எடுத்தாலும் வரியோடு ஆளுக்கு 45 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதை நாங்களே கட்டிவிடுகிறோம்.

காப்பாளினி அம்மாவிடம் கேட்டோம். கட்டடம் துறைக்குச் சொந்தம், மேலிடத்து உத்தரவு இல்லாமல் கேபிள் இழுக்க முடியாது என்றார். அவர் நிலையில் அது சரிதான். ஒரு இணைப்பை இத்தனை பேர் பகிரலாமா என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில், இணைப்பு வாங்கி வைஃபையாகப் பகிர உரிமம் தேவையில்லை. அப்படிப் பகிர்பவர்களிடம், 200 எம்பிபிஎஸ் வரையான இணைப்புக்கு, வீட்டு இணைப்புக்கான கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் இணைய நிறுவனங்கள் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டிருக்கிறது. இரு மடங்கே ஆனாலும் ஆளுக்கு 90 ரூபாயைத் தாண்டாது.

இணையம் வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையம் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இருந்தாலும் பெற்றோரின் பயம் எங்களுக்குப் புரிகிறது. இரவு 11 மணிக்கு ரூட்டரை அணைத்துவிட எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

எனவே, துறையின் பெயரில் இணைப்பு எடுக்க அனுமதி தந்து, ரூட்டர், கேபிள் செலவை மட்டும் தங்கள் விருப்புரிமை நிதியிலிருந்து வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பருவத் தேர்வுக்கு முன்பே கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

இணைப்பு: 86 மாணவியரின் கையொப்பம்.

இப்படிக்கு,
விடுதி மாணவியர்