செத்த ஆமையை எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. அப்போதிலிருந்து ஆமைகளைக் காக்கக் கடுமையான புதுச் சட்டம் வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். கடலை ஒட்டிக் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. தேவையான சட்டம், அதாவது தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983லேயே வந்துவிட்டது. அதைக் கடலுக்குள் கொண்டுபோய் நடத்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஒதுங்கிய ஆமையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல ஆமைகளின் ஓட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. கண் இரண்டும் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடக்கும். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர், அவ்வப்போது மேலே வந்தே ஆக வேண்டும். விசைப்படகு இழுத்துக்கொண்டு போகும் பை போன்ற வலையில், அதாவது இழுவை மடியில், சிக்கினால் மணிக்கணக்கில் அடியிலேயே இழுபடும், திமிறத் திமிற இருக்கிற மூச்சும் சீக்கிரம் தீர்ந்து கடலிலேயே மூழ்கிச் சாகும்.

அந்த 1983 சட்டம் ஆமைக்காக வந்ததல்ல. எழுபதுகளில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் நடந்த மோதல்களில் பிறந்தது அது. இன்றைய விதிப்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகு இழுவை மடி போடக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் இணைசேரவும் முட்டையிடவும் கூடுவது பெரும்பாலும் இதே கரையோரக் கடலில்தான், ஃபைபர் படகுக்காரர்கள் வலை விடுவதும் இதே இடத்தில்தான். எல்லையைத் தாண்டி உள்ளே வரும் ஒரு படகு ஆமையையும் கொல்கிறது, கடன் வாங்கி வாங்கிய வலையையும் அறுத்துக்கொண்டு போகிறது. ஆமையைக் காக்க வந்தால் மீனவர் வயிற்றில் அடிப்பது போல் சிலர் பேசுவதை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே என்பார்கள். சரி, ஆனால் கிழக்குக் கரையில் அது தொடங்குவது ஏப்ரல் 15. அதற்குள் பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டு முடித்திருக்கும். ஒடிசாவில் தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டி 20 கிலோமீட்டர் வரை நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிக்கத் தடை. அவ்வளவு நீளமான தடை நம் கரைக்குத் தேவையில்லை. இங்கே இருக்கிற 5 கடல் மைலை ஜனவரி முதல் மார்ச் வரையாவது கறாராகக் காத்தால் போதும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடல் ஆமைகள் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் கரையில் கிடக்கும் உடலை வைத்து எந்தப் படகு என்று யார் நிரூபிப்பது? விசைப்படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள், படகு எங்கே நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அந்தப் பதிவைக் கொண்டு மீன்வளத் துறையும் வனத் துறையும் சேர்ந்து நடவடிக்கை எடுத்தால் செத்த ஆமையிடம் சாட்சி தேட வேண்டியதில்லை.

விசைப்படகுக்காரர்களை வில்லனாக்கவும் எனக்கு விருப்பமில்லை. டீசல் விலை, வட்டி, ஆள் கூலி எல்லாம் சேர்ந்துதான் அவர்களைக் கரைப் பக்கம் தள்ளுகிறது. ஆமை விலக்கும் கருவி என்று ஒன்று உண்டு. மடியின் கழுத்தில் சாய்வாக வைக்கும் கம்பிச் சட்டம், இறால் கம்பி இடைவெளியில் புகுந்து உள்ளே போய்விடும், ஆமை கம்பியில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொஞ்சம் மீனும் தப்பும் என்பது மீனவர்கள் சொல்லும் குறை. அப்படியானால் கருவியை அரசே இலவசமாகக் கொடுக்கட்டும், இழப்பில் ஒரு பங்கையும் ஏற்கட்டும். இந்தக் கருவி பரவலாக இல்லாததால்தான் இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா சில ஆண்டுகளாக வாங்குவதில்லை, அந்த விலை இழப்பும் படகுக்காரர்களுக்குத்தானே?

அப்புறம், நாட்டுப்படகு செவுள் வலையிலும் ஆமை மாட்டுகிறது, அதையும் மறைக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறார்கள். இங்கும் தரலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தை, மாசியிலும் எத்தனை ஆமை ஒதுங்கியது என்று செய்தி போடுகிறீர்கள். அந்த வாரம் 5 கடல் மைலுக்குள் எத்தனை படகுகள் பிடிபட்டன, எத்தனை பேர் மீது நடவடிக்கை என்பதையும் துறையிடம் கேட்டு அதே செய்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொட்டிவாக்கம்