மின்கம்பி எட்டிய தூரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமியார் படுத்ததிலிருந்து தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, கேமரா அலமாரியில் தூங்குகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தது பெரிய தண்டனை. டாக்டர் அனுமதி கொடுத்ததும் பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தாவின் கடைசிப் படத்தைப் போட்டேன்: 'வர்தா பை ஆக்னஸ்'. 2019 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிட்டார்கள். மார்ச் 29 அன்று பாட்டி போய்விட்டார். வயது 90.

அரங்க மேடையில் ஒரு நாற்காலி, எதிரே கூட்டம். இதை இப்படி எடுத்தேன், அதை அதற்காக எடுத்தேன் என்று பேசிக்கொண்டே போகிறார். சொற்பொழிவு கேட்கவா உட்கார்ந்தோம் என்றிருந்தது எனக்கு. பிறகு அவருடைய 'வாகபாண்ட்' (1985) படத்தின் பேச்சு வந்தது. வயல்வெளியில் தண்டவாளம் போட்டு, மோனாவாக நடித்த சாண்ட்ரின் பொனேரோடு பேசியபடி, கேமராவை வண்டியில் நகர்த்தி எடுத்த அந்த ட்ராலி ஷாட்டுகளை விளக்குகிறார். கேமரா எப்போதும் வலமிருந்து இடம் போகும். மோனா நடந்து வருவாள், கேமரா அவளை விட்டுவிட்டு ஏதோ ஒரு பொருளில் போய் நிற்கும். பல நிமிடம் கழித்து அடுத்த ட்ராலி ஷாட் அதே மாதிரிப் பொருளில் தொடங்கும். நாம் எத்தனை தடவை பார்த்திருப்போம், ஒருத்திக்காவது கண்ணில் பட்டதா?

உனக்காகத்தான் இதை எழுதுகிறேன், கேள். 1970களில் வர்தாவின் மகன் சிறு குழந்தை. வீட்டை விட்டு நகர முடியாது. பாரிஸில் தாகேர் தெருவில் வீடு. அந்தத் தெருக் கடைகளையே படமெடுக்க நினைத்தார், ஆனால் கடைக்காரர்களிடம் மின்சாரம் கேட்க மனமில்லை. தன் வீட்டிலிருந்தே மின்கம்பி இழுத்தார். அது எட்டும் தூரம் வரைதான் படம் என்று முடிவு. ரொட்டிக்கடை, கறிக்கடை, தையல்கடை. அப்படிப் பிறந்ததுதான் 'தாகெரியோடைப்ஸ்' (1975) என்ற ஆவணப்படம். அதில் வாசனைத் திரவியக் கடைக்கார அம்மாள் ஒருவர், பொழுது சாய்ந்தால் வெளியே கிளம்பிவிடத் துடிப்பார். கதவுவரை வருவார், அதற்குமேல் போகமாட்டார். உன் மாமியார் சாயங்காலமானால் 'வீட்டுக்குப் போகணும்' என்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்தபோதே அந்த அம்மாள் முகம்தான் வந்தது.

பின்பாதி எனக்கு நீளம். கண்காட்சிகள், காணொளி நிறுவல்கள் என்று போகிறது. 2003இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் உருளைக்கிழங்கு வேடம் போட்டுக்கொண்டு நின்ற மனுஷி என்பதால் மன்னித்துவிட்டேன்.

நம் பழைய சண்டை ஞாபகமிருக்கிறதா? கணவர் ழாக் தெமி எய்ட்ஸால் சாகக் கிடந்தபோது அவருடைய பிள்ளைப் பருவத்தைப் படமாக்கினார் வர்தா, நடுநடுவே அவர் தோலையும் தலைமுடியையும் அவ்வளவு நெருக்கத்தில் காட்டினார். படப்பிடிப்பு முடிந்த கையோடு, 1990 அக்டோபரில், அவர் இறந்தார். சாகிறவரைக் காட்டுவது நியாயமா என்று நீ கேட்டாய். நான் கலை, கிலை என்று வாயடித்தேன். இப்போதும் உன் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று: அந்தக் குழந்தைப் பருவ நினைவுகளை எழுதியது தெமியே. நோயின் பெயரை அவர் வெளியே சொல்ல விரும்பவில்லை. வர்தா 2008 வரை வாய் திறக்கவில்லை. கேமரா தோல்வரை போனது, வாய் போகவில்லை. இதில் எது நெருக்கம் என்று நீதான் சொல்லேன்.

உன் மாமியார் நன்றாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் அவரிடமே கேட்டுப் பார். வேண்டாம் என்றால் விட்டுவிடு, சமையலறை ஜன்னல் இருக்கிறது, எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் இருக்கிறார். அவர் இன்னும் கரிப் பெட்டிதானா, மின்சாரத்துக்கு மாறிவிட்டாரா? அடுத்த கடிதத்தில் எழுது. வலது கண்ணுக்குத் தேதி குறிப்பதற்குள் அனுப்பினால் நானே படிப்பேன், இல்லாவிட்டால் பேத்திதான் வாசித்துக் காட்டவேண்டும். அவள் முன்னால் படிக்கக்கூடியதாக எழுதுடி.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி