உன் ஜன்னலிலும் ஒரு விளக்கு இருக்கட்டும்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் மனசுக்குள்ளேயே கிடக்கிறது. "இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஜன்னலில் ஒண்ணும் வைக்கலப்பா, நான் ஒருத்திதானே இருக்கேன், அஞ்சாவது மாடியை யார் அண்ணாந்து பார்க்கப் போறாங்க" என்றாய். பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன், "எழுதிவிடுங்களேன், போனில் பேசினால் பாதிதான் காதில் போகும்" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மரம் வைக்கிறோம், குடில் வைக்கிறோம், அதெல்லாம் வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு. ஜன்னல் அப்படி இல்லை பாப்பா. அதில் வைப்பதில் பாதி நமக்கு, மீதி யாரென்றே தெரியாத ஒருவருக்கு. வேலை முடிந்து களைத்து வருகிறவர், பஸ்ஸுக்காக நிற்கிறவர், எதிர்க் கட்டடத்தில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறவர், இவர்களில் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். பார்த்தார் என்று உனக்குத் தெரியவே தெரியாது, அவரும் வந்து சொல்லப்போவதில்லை. ஐந்தாவது மாடி என்கிறாய், எனக்கு அதுதான் நல்லதாகப் படுகிறது, ஏனென்றால் தரைத்தளத்து ஜன்னல் தெருவோடு முடிந்துவிடும், உன்னுடையது தூரத்தில் வருகிறவருக்கும் தெரியும்.

அயர்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பது வெகுகால வழக்கம். மரியாளும் யோசேப்பும் தங்க இடம் கிடைக்காமல் அலைந்தார்கள் இல்லையா, அவர்களுக்கு 'இந்த வீட்டில் இடம் இருக்கிறது, வாருங்கள்' என்று சொல்கிற விளக்கு அது. வீட்டில் கடைக்குட்டி எதுவோ அந்தப் பிள்ளைதான் ஏற்ற வேண்டும் என்பார்கள். 1990இல் மேரி ராபின்சன் அந்த நாட்டின் அதிபரானபோது தன் மாளிகையின் சமையலறை ஜன்னலில் ஒரு விளக்கை வைத்தார். பிழைப்புக்காக நாட்டை விட்டுப் போன அயர்லாந்துப் பிள்ளைகளுக்காக வைத்தது. நீங்கள் எங்கே இருந்தாலும் உங்களை மறக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். நீ கிளம்பிப் போன முதல் டிசம்பரில் இதை நான் படித்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் நம் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து உன் அறை ஜன்னலில் விளக்கு எரியாத டிசம்பர் இரவு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1981 டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு போப் இரண்டாம் ஜான் பால் தன் ஜன்னலில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தார், போலந்து அவருடைய சொந்த நாடு. அப்போதைய அமெரிக்க அதிபர் ரீகனும் தன் நாட்டு மக்களை அப்படியே செய்யச் சொன்னார். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியாதபோது ஜன்னலில் விளக்கு வைக்கத்தான் மனுஷருக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் 'நான் ஒருத்திதானே' என்று நீ சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தனியாக இருக்கிறவர்களின் ஜன்னலில்தான் விளக்கு முதலில் எரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். உனக்கு நேரம் இல்லை, சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார், எல்லாம் தெரியும்.

உனக்கு ஆறு வயதில் நாம் இரண்டு பேரும் கண்ணாடியில் வாழ்த்து எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே நின்று அழகாக எழுதிவிட்டு வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லா எழுத்தும் திரும்பியிருந்தது. நீ அழுதாய். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, ஜன்னலை அலங்கரிப்பதில் கற்க வேண்டிய முதல் விஷயமே அது இரண்டு பக்கம் உள்ளது என்பதுதான். அதனால் எழுத்து எழுதுவதாக இருந்தால், ஒரு தாளில் பெரிதாக எழுதி, அதை அப்படியே பின்புறமாகத் திருப்பி வெளிச்சத்தில் தெரிகிற கோட்டை வரைந்துகொள், அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கண்ணாடியில் எழுது. ஐந்தாவது மாடியில் வெளியே தாளை ஒட்டிவிட்டு உள்ளேயிருந்து அதன்மேல் வரைகிற வேலை வேண்டவே வேண்டாம், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே. இன்னும் கேட்டால் எழுத்தே வேண்டாம் என்பேன். நட்சத்திரத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது.

அந்த இரண்டு பக்கம் என்பதில் இன்னொரு அழகும் இருக்கிறது. ஒளி ஊடுருவுகிற மெல்லிய வண்ணத்தாளில் நட்சத்திரம் செய்து ஒட்டினால், பகலில் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது மங்கலாக, கறுப்பாக, ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும். ஆனால் உள்ளே இருக்கிற உனக்கு வெயில் அதன் வழியாக வந்து தரையில் நிறம் விழும். இருட்டிய பிறகு நீ அறையில் விளக்கைப் போட்டதும் எல்லாம் தலைகீழாகிவிடும். உன் பக்கம் கண்ணாடி கறுத்து உன் முகத்தையே காட்டும், வெளியே இருக்கிறவருக்கு நட்சத்திரம் ஜொலிக்கும். பகல் முழுக்க உனக்கு, இரவு முழுக்க தெருவுக்கு. எனக்கு இதைவிட நியாயமான பங்கீடு தெரியாது.

செய்வது சுலபம். எட்டு சதுரத் தாள் வேண்டும், பத்து சென்டிமீட்டர் போதும். ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை ஒரு மடிப்பு மடித்துப் பிரி. அந்தக் கோட்டின் ஒரு நுனியில் வந்து சேர்கிற இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடி, வானத்தில் விடுகிற பட்டத்தின் வடிவம் வந்துவிடும். எட்டையும் இப்படி மடித்த பிறகு கூர்மையான முனை வெளியே இருக்க, மற்ற முனை நடுவில் சேர, ஒன்றின் ஓரம் முந்தினதின் நடுக்கோட்டில் படும்படி வட்டமாக ஒட்டிக்கொண்டே போ. எட்டாவது முதலாவதுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாள் இரண்டு மூன்று அடுக்காக விழுகிற இடமெல்லாம் நிறம் அடர்ந்திருக்கும், மற்ற இடம் வெளுத்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் நட்சத்திரத்துக்குள் இன்னொரு நட்சத்திரம் தெரியும். கம் கொஞ்சமாகத் தடவு, அதிகமானால் வெளிச்சத்தில் கறையாகத் தெரியும். மடிப்பை நகத்தால் நன்றாக அழுத்து. இந்த வேலையில் பாதி அந்த நகத்தில்தான் இருக்கிறது.

பனித்துகள் வெட்டுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் கவனி. நாம் வழக்கமாகத் தாளை நான்காக, எட்டாக மடித்து வெட்டுவோம், நாலு முனையோ எட்டு முனையோ வரும். உண்மையான பனித்துகளுக்கு ஆறுதான். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால் அப்படி. கெப்ளர் என்கிற வானியலாளர் 1611இலேயே, ஏன் ஐந்து இல்லை, ஏழு இல்லை, எப்போதும் ஆறு என்று யோசித்து ஒரு குட்டிப் புத்தகம் எழுதி நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். அதனால் தாளைப் பாதியாக மடி, அந்த அரைத்தாளை நடுவிலிருந்து மூன்று சம பாகமாக மடி, அதை இன்னொரு தடவை பாதியாக மடித்து, அப்புறம் வெட்டு. ஆறு கை வரும். பார்க்கிறவர் எண்ணிப் பார்க்கமாட்டார், ஆனாலும் சரியாக இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

தெளிப்பான் டப்பாவில் வருகிற செயற்கைப் பனி வேண்டாம். ஒரு வருஷம் அதை அடித்துவிட்டு ஜனவரி முழுக்க அம்மா சுரண்டிக்கொண்டிருந்தாள், ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் போனது கடைசி வரை வரவே இல்லை. வாடகை வீட்டில் அது தேவையில்லாத சண்டை. அதற்குப் பதில் மருந்துக் கடையில் கிடைக்கிற எப்சம் உப்பைச் சூடான தண்ணீரில் கரையும் மட்டும் கரைத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பஞ்சால் கண்ணாடியின் மூலைகளில் ஒற்றி விடு. காயக் காய ஊசி ஊசியாகப் படிகம் விரியும், நிஜ உறைபனி மாதிரியே. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். போஸ்டர் கலரில் வரைவதானாலும் அதே ஒரு சொட்டு சோப்பு கலந்துகொள், துடைக்க எளிது. ஆனால் வெயில் நேராக விழுகிற கண்ணாடியில் பெரிய இடத்துக்குக் கறுப்போ அடர்நிறமோ பூசாதே, ஒரு பக்கம் மட்டும் சூடேறிக் கண்ணாடி விரிசல் விடலாம்.

விளக்கைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். திரை இருக்கிற ஜன்னலில் நிஜ மெழுகுவத்தி வேண்டாம் பாப்பா, அதுவும் நீ தனியாக இருக்கிற வீட்டில். அயர்லாந்து கதையெல்லாம் சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எரிகிற பொருள் எதிலிருந்தும் குறைந்தது 30 சென்டிமீட்டராவது சுடர் தள்ளி இருக்க வேண்டும், உன் ஜன்னல் திட்டில் அந்த இடம் இல்லை. பேட்டரி மெழுகுவத்தி போதும். சீரியல் லைட் வாங்கினால் எல்இடி பார்த்து வாங்கு, பழைய குண்டு பல்பு நூறு எரிய 40 வாட் போகும், எல்இடியில் ஐந்தாறு வாட்டோடு முடிந்துவிடும், தொட்டால் சுடவும் சுடாது. வெள்ளை என்று பொதுவாகக் கேட்காதே, மஞ்சள் சாய்ந்த வெள்ளை கேள், பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கும். நீலம் கலந்த வெள்ளை ஜன்னலில் குளிர்ச்சியாக, யாரும் இல்லாத வீடு மாதிரி இருக்கும். மின்னி மின்னி அணைகிறதும் வேண்டாம். நின்று எரிகிற விளக்குதான் 'உள்ளே ஆள் இருக்கிறோம்' என்று சொல்லும். ஒயரை ஜன்னல் கதவிடுக்கில் வைத்து அழுத்திப் பூட்டிவிடாதே, அந்த இடத்தில்தான் தோல் உரியும்.

கண்ணாடியில் ஒட்டுகிற சக்‌ஷன் கொக்கி கீழே விழுந்துகொண்டே இருக்கிறது என்று போன வருஷம் சொன்னாய். கண்ணாடியை முதலில் ஸ்பிரிட்டால் துடை, காயவிடு, கொக்கியை வெந்நீரில் கொஞ்சம் வைத்து எடுத்து உதறித் துடைத்துவிட்டு அழுத்து. இளகியிருக்கும்போது அழுத்தினால்தான் பிடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே ஜன்னலில் வைக்காதே. ஸ்வீடனில் ஜன்னலுக்கு ஜன்னல் ஏழு மின்சார மெழுகுவத்திகள் உள்ள முக்கோண விளக்குத் தண்டு ஒன்றை மட்டும்தான் பல வீடுகளில் வைக்கிறார்கள், 1930களில் வந்த பொருள் அது. ஒரே ஒரு வடிவம், தெரு முழுக்க. அதற்கு மேல் என்ன வேண்டும்? நடுவில் கண்ணாடி காலியாக இருக்கட்டும், நீ வெளியே பார்க்க வேண்டாமா.

ஜெர்மனியில் மொராவியன் என்கிற கிறிஸ்தவச் சபையின் விடுதிப் பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்த ஒரு நட்சத்திரம் உண்டு. கணக்குப் பாடத்தில் வடிவியல் புரிவதற்காகக் காகிதத்தில் செய்யவைத்தது. 17 நாற்கோண முனை, 8 முக்கோண முனை, எந்தத் திசையில் பார்த்தாலும் முள் நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே விளக்கு. அந்த விடுதிகளில் இருந்த பிள்ளைகள் நிறையப் பேருடைய அப்பா அம்மா ஊழியத்துக்காகக் கடல் கடந்து போயிருந்தார்கள். நம் வீட்டில் தூரமாகப் போயிருப்பது பிள்ளை. இதை முதன்முதலில் படித்தபோது, அந்தப் பிள்ளைகள் டிசம்பர் சாயங்காலத்தில் உட்கார்ந்து முனை முனையாக ஒட்டிக்கொண்டிருந்ததை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர்களுக்கும் 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று தோன்றியிருக்கும். ஆனாலும் செய்தார்கள்.

அதைச் செய்ய உனக்கு இப்போது நேரம் இருக்காது. அதனால் இப்படிச் செய்வோம். எட்டு முனை நட்சத்திரம் தட்டையாகத்தான் இருக்கும், கவருக்குள் அடங்கிவிடும். நானும் அம்மாவும் ராத்திரி உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறோம், அம்மா மடிக்கிறாள், நான் ஒட்டுகிறேன், இதுவரை சிவப்பில் மூன்றும் மஞ்சளில் நான்கும் ஆகியிருக்கிறது. நீ செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். டேப் எடுத்து உன் ஜன்னலின் அகலமும் உயரமும் அளந்து அனுப்பு, சட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும். குறுக்கே கம்பி இருந்தால் அது எங்கே வருகிறது என்றும் சொல். இந்த வாரத்துக்குள் தெரிந்தால் திங்கட்கிழமை தபாலில் போட்டுவிடுவேன்.

ஒட்டி முடித்ததும் கீழே இறங்கிப் போய்த் தெருவில் நின்று ஒரு படம் எடு, உள்ளேயிருந்து எடுத்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு கூப்பிடு, அன்றைக்கு மட்டும் இங்கே உன் அறை விளக்கை நீ கூப்பிடுகிறவரை போடாமல் வைத்திருப்போம். நம் வீட்டுக் கடைக்குட்டி நீதான், நீ 'ஏத்துங்கப்பா' என்று சொன்ன பிறகு நான் சுவிட்சைப் போடுகிறேன்.

அப்பா